கீக்ளோக் கிளையண்ட் செட்டிங்ஸை டேட்டாபேஸிலிருந்து நேராக எடுக்கலாமா?

கேள்வி இது. ஒரு நிறுவனத்தில் கீக்ளோக் (பல அப்ளிகேஷன்களுக்கும் லாகினைக் கவனிக்கும் சர்வர்) ஓடுகிறது, பின்னால் டேட்டாபேஸாக போஸ்ட்கிரஸ். மூன்று ரெல்ம் (யூசர்களையும் செட்டிங்ஸையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் பகுதி), ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட கிளையண்ட், அதாவது கீக்ளோக் வழியாக லாகின் செய்யும் அப்ளிகேஷன். செக்யூரிட்டி ஆடிட்டில் எல்லா கிளையண்டுக்கும் ரீடைரக்ட் முகவரி (லாகின் முடிந்ததும் யூசரைத் திருப்பி அனுப்பும் இடம்), டோக்கன் (லாகின் ஆனதற்கான டிஜிட்டல் சீட்டு) ஆயுள், எந்தெந்த லாகின் முறை திறந்திருக்கிறது, எது பயன்பாட்டிலேயே இல்லை என்று ஒரே ஷீட்டாகக் கேட்கிறார்கள். அட்மின் கன்சோலில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் வாரக்கணக்கில் ஆகும். டேட்டாபேஸில் நேராக குவெரி போடலாமா, போட்டால் எந்தெந்த டேபிள்?

தாராளமாகப் போடலாம். பல ரெல்மைத் தாண்டி "எல்லா கிளையண்டிலும் இது எப்படி இருக்கிறது" என்று கேட்க டேட்டாபேஸ்தான் சரியான இடம். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். டேபிளில் இருப்பது யாரோ எழுதி வைத்த மதிப்பு மட்டும். லாகின் நடக்கும்போது கீக்ளோக் எடுக்கிற முடிவில் அந்த மதிப்போடு ரெல்மின் மதிப்பு, கோடில் உள்ள டிஃபால்ட், சில குறிகளுக்கு இருக்கிற விசேஷ அர்த்தம் எல்லாம் சேர்கின்றன. அந்த இடைவெளியைக் கவனிக்காமல் எடுத்த ஷீட், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆடிட்டரிடம் தப்பான தகவலைச் சொல்லும். கீழே எழுதுவதில் பாதிக்கு மேல் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

டேபிள், ஃபீல்டு பெயர்களை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். டேட்டாபேஸில் அவை ஆங்கில எழுத்தில், இரண்டு சொல் சேரும் இடத்தில் அண்டர்ஸ்கோரோடு இருக்கும். போஸ்ட்கிரஸில் எல்லாம் சின்ன எழுத்து. லினக்ஸில் ஓடும் மைஎஸ்க்யூஎல் என்றால் டேபிள் பெயரைப் பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அப்படி ஒரு டேபிளே இல்லை என்று சொல்லிவிடும்.

குவெரிக்கு முன்னால் யூசர் விஷயம். கீக்ளோக் தன் வேலைக்கு வைத்திருக்கும் டேட்டாபேஸ் யூசரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். செலக்ட் உரிமை மட்டும் உள்ள தனி யூசர் ஒன்று போடுங்கள், ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டுமான டேட்டாபேஸ் நகல்) இருந்தால் அங்கே இணையுங்கள். அதோடு விட்டுவிடவும் கூடாது. கிளையண்ட் டேபிளில் சீக்ரெட் என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. யூசரின் பாஸ்வேர்ட் ஹாஷாக (திருப்பிப் படிக்க முடியாத வடிவில்) இருக்கும், கிளையண்ட் சீக்ரெட் அப்படியில்லை, வெறும் எழுத்தாகவே கிடக்கும். நட்சத்திரக் குறி போட்டு எல்லா ஃபீல்டையும் எடுத்து, எக்ஸெலில் ஒட்டி, மெயிலில் அனுப்பினால் நிறுவனத்தின் அத்தனை பேக்கெண்ட் சாவியும் அந்த மெயிலில் போய்விடும். போஸ்ட்கிரஸில் ஃபீல்டு வாரியாக உரிமை கொடுக்கலாம். ஐடி, கிளையண்ட் ஐடி, ரெல்ம் ஐடி, எனேபிள்டு மாதிரி தேவையானவற்றுக்கு மட்டும் கிராண்ட் கொடுத்து சீக்ரெட்டை விட்டுவிடுங்கள். அப்புறம் யாராவது நட்சத்திரம் போட்டால் குவெரியே தோற்கும். அது நல்லது.

இதே எச்சரிக்கை கிளையண்ட் அட்ரிபியூட்ஸ் டேபிளுக்கும் உண்டு. பெயர், மதிப்பு என்று இரண்டு ஃபீல்டில் எல்லாவற்றையும் போட்டு வைக்கும் டேபிள் அது. சாமல் என்ற லாகின் நெறிமுறையில் ஓடும் கிளையண்டின் சைனிங் ப்ரைவேட் கீயும் அதில் ஒரு வரியாக இருக்கும். அங்கே ஃபீல்டு வாரி உரிமை உதவாது. நீங்கள் கேட்கப்போகும் அட்ரிபியூட் பெயர்களை மட்டும் வடிகட்டி ஒரு வியூ எழுதி, அந்த வியூவுக்கு உரிமை கொடுங்கள்.

இன்னொரு சின்ன வேலை: மைக்ரேஷன் மாடல் என்ற டேபிளைப் பாருங்கள். எந்த வெர்ஷன் வரை ஸ்கீமா (டேபிள்களின் அமைப்பு) ஏறியிருக்கிறது என்று அங்கே தெரியும். ஒவ்வொரு அப்கிரேடிலும் லிக்விபேஸ் என்ற டூல் வழியாக கீக்ளோக் டேபிள்களை மாற்றிக்கொள்கிறது, இந்த ஸ்கீமா நமக்குக் கொடுத்த வாக்குறுதி கிடையாது. 2018இல் 4.0 வந்தபோது கிளையண்ட் டெம்ப்ளேட் என்ற ஏற்பாடே போய் அந்த இடத்தில் கிளையண்ட் ஸ்கோப் வந்தது. அன்றைக்குப் பழைய டேபிளை நம்பி எழுதிய ரிப்போர்ட் எல்லாம் உடைந்திருக்கும். அதனால் உங்கள் குவெரி ஃபைலின் தலைப்பிலேயே எந்த வெர்ஷனுக்கு எழுதியது என்று குறித்து வையுங்கள்.

இனி டேபிள்கள். நடுநாயகம் கிளையண்ட் டேபிள். இதில் ஐடி என்று ஒன்று, கிளையண்ட் ஐடி என்று ஒன்று, இரண்டும் வேறு. ஐடி என்பது 36 எழுத்து யூயூஐடி, அதாவது வேறெதற்கும் வராத அடையாளக் குறி. கிளையண்ட் ஐடி என்பது அப்ளிகேஷன் லாகின் வேண்டுகோளில் அனுப்பும் பெயர், "பில்லிங்-வெப்" என்பது போல. குழப்பம் எங்கே வருகிறதென்றால், ரீடைரக்ட் யூஆர்ஐஸ், வெப் ஆரிஜின்ஸ், கிளையண்ட் அட்ரிபியூட்ஸ், ப்ரோட்டோகால் மேப்பர் எல்லா டேபிளிலும் கிளையண்ட் ஐடி என்ற ஃபீல்டு இருக்கிறது, ஆனால் அங்கே உள்ளே இருப்பது யூயூஐடி. ஒரே பெயர் என்று பார்த்து கிளையண்ட் ஐடியைக் கிளையண்ட் ஐடியோடு ஜாயின் செய்தால் ஒரு வரியும் வராது. மற்ற டேபிளின் கிளையண்ட் ஐடியை, கிளையண்ட் டேபிளின் ஐடியோடு சேர்க்க வேண்டும். எரர் எதுவும் வராது, ரிசல்ட் காலியாக வரும். லெஃப்ட் ஜாயின் (ஜோடி கிடைக்காத வரியையும் விடாமல் காட்டும் ஜாயின்) போட்டிருந்தால் இன்னும் மோசம், எந்த கிளையண்டுக்கும் ரீடைரக்ட் முகவரியே இல்லை என்பது போல ஷீட் வந்து நிற்கும்.

ரெல்மை எப்போதும் ஜாயின் செய்து ரெல்மின் பெயரையும் வெளியே காட்டுங்கள். கிளையண்ட் ஐடி ஒரு ரெல்முக்குள் மட்டும்தான் தனித்துவமானது. அக்கவுண்ட், அக்கவுண்ட்-கன்சோல், அட்மின்-சிஎல்ஐ, ப்ரோக்கர், செக்யூரிட்டி-அட்மின்-கன்சோல் இதெல்லாம் ஒவ்வொரு ரெல்மிலும் கீக்ளோக் தானே உருவாக்கும் கிளையண்டுகள். மாஸ்டர் ரெல்மில் மற்ற ஒவ்வொரு ரெல்முக்கும் பெயரோடு "-ரெல்ம்" சேர்த்து ஒரு கிளையண்ட் இருக்கும். ஷீட்டில் இவற்றுக்கு "உள்ளமைந்தது" என்று ஓர் அடையாளம் போட்டுத் தனியாக வையுங்கள், ஆனால் நீக்கிவிட வேண்டாம். உள்ளமைந்ததில் யாராவது கை வைத்திருந்தால் ஆடிட்டில் அதுவும் தெரிய வேண்டும்.

ரீடைரக்ட் முகவரிக்கு வருவோம். ஆடிட்டில் அதிகம் கேள்வி வருவது இங்கேதான், சரியாகவே வருகிறது. ரீடைரக்ட் தளர்வாக இருந்தால் ஆத்தரைசேஷன் கோடு (அப்ளிகேஷன் கொடுத்து டோக்கன் வாங்கும் குறியீடு) வேறொருவர் கைக்குப் போகலாம். 2025 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 9700 (இந்த மாதிரி லாகின் முறைகளின் பாதுகாப்புக்கான பொது வழிகாட்டி ஆவணம்) ரீடைரக்ட் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும் என்கிறது. கீக்ளோக் முகவரியின் கடைசியில் நட்சத்திரக் குறியை அனுமதிக்கிறது. அதனால் முதல் வடிகட்டல், மதிப்பு நட்சத்திரத்தில் முடிகிறதா என்பது. எஸ்க்யூஎல் லைக்கில் நட்சத்திரத்துக்கு விசேஷ அர்த்தம் கிடையாது, சதவீதக் குறிக்குப் பின்னால் நட்சத்திரத்தைப் போட்டாலே போதும். வெறும் நட்சத்திரம் மட்டும் இருக்கும் வரியும் இதில் வரும். அதைச் சிவப்பில் காட்டுங்கள்.

ஆனால் மதிப்பை அப்படியே ஷீட்டில் போட்டால் போதாது. பில்லிங்-வெப் என்ற கிளையண்டுக்கு ரீடைரக்ட் "/*" என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் எந்தத் தளத்துக்கும் போகலாம் என்று தோன்றும். அப்படி அல்ல. சாய்கோட்டில் தொடங்கும் முகவரியை கீக்ளோக் அந்த கிளையண்டின் ரூட் யூஆர்எல்லோடு ஒட்டிப் பார்க்கும். ரூட் யூஆர்எல் கிளையண்ட் டேபிளிலேயே ஒரு ஃபீல்டு. ஆக பில்லிங் தளத்தின் எந்தப் பக்கத்துக்கும் போகலாம் என்பதுதான் உண்மையான அர்த்தம். ரூட் யூஆர்எல் காலியாக இருந்தால் கீக்ளோக் சர்வரின் சொந்த முகவரியோடு ஒட்டும். அதனால் குவெரியில் கேஸ் என்ற நிபந்தனையைப் போட்டு, மதிப்பு சாய்கோட்டில் தொடங்கினால் ரூட் யூஆர்எல்லை முன்னால் சேர்த்து "நடைமுறை முகவரி" என்று இன்னொரு ஃபீல்டு காட்டுங்கள். எழுதியதும் நடைமுறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். அக்கவுண்ட் கிளையண்டில் ரூட் யூஆர்எல்லாக டாலர் குறியும் அடைப்பும் போட்ட ஓர் இடநிரப்பி இருப்பதைப் பார்ப்பீர்கள். ஓடும்போது கீக்ளோக் அதை நிரப்பிக்கொள்ளும், டேட்டா கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

வெப் ஆரிஜின்ஸிலும் (பிரவுசரிலிருந்து எந்தத் தளங்கள் கீக்ளோக்கை அழைக்கலாம் என்ற பட்டியல்) இதே கதை. அங்கே ஒரு கூட்டல் குறி மட்டும் இருந்தால், ரீடைரக்ட் பட்டியலில் உள்ள முகவரிகளின் ஆரிஜின் எல்லாவற்றையும் அனுமதி என்று பொருள். நட்சத்திரம் இருந்தால் உலகம் முழுக்க அனுமதி. லாக் அவுட்டுக்குப் பின் போகும் முகவரிகள் தனி டேபிளில் இல்லை, கிளையண்ட் அட்ரிபியூட்ஸில் "போஸ்ட்.லாகவுட்.ரீடைரக்ட்.யூஆர்ஐஸ்" என்ற பெயரில் ஒரே வரியாக, நடுவே இரட்டை ஹாஷ் குறியோடு ஒட்டி இருக்கும். ஷீட்டில் பிரித்துப் போடுங்கள்.

அடுத்தது டோக்கன் ஆயுள். இந்தக் குவெரியில்தான் தப்பு சத்தமில்லாமல் நுழையும், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். கிளையண்டுக்குத் தனியாக ஆக்ஸஸ் டோக்கன் ஆயுள் வைத்திருந்தால் கிளையண்ட் அட்ரிபியூட்ஸில் "ஆக்ஸஸ்.டோக்கன்.லைஃப்ஸ்பான்" என்று ஒரு வரி, மதிப்பு விநாடியில். வைக்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்த வரியே இருக்காது. வரி இல்லை என்றால் ஆயுள் இல்லை என்று அர்த்தமில்லை, ரெல்மின் மதிப்பு செல்லும். ரெல்ம் டேபிளில் ஆக்ஸஸ் டோக்கன் லைஃப்ஸ்பான் என்ற ஃபீல்டு இருக்கிறது, யாரும் மாற்றாவிட்டால் 300, அதாவது 5 நிமிஷம் (மாஸ்டர் ரெல்மில் மட்டும் 60).

எனவே அட்ரிபியூட்ஸ் டேபிளை லெஃப்ட் ஜாயின் செய்ய வேண்டும். அட்ரிபியூட் பெயர் நிபந்தனையை ஜாயினின் ஆன் பகுதியிலேயே எழுத வேண்டும். பலர் அதை வேர் என்ற வடிகட்டும் பகுதியில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதியவுடன் அட்ரிபியூட் இல்லாத கிளையண்டுகள் எல்லாம் ரிசல்ட்டிலிருந்து விழுந்துவிடும், லெஃப்ட் ஜாயின் போட்டதற்கே பலனில்லை. பெரும்பாலான கிளையண்டுகள் ரெல்மின் மதிப்பில் ஓடுபவை என்பதால் விழுவது பெரும்பான்மை. குவெரி முடிந்ததும் ரிசல்ட்டில் உள்ள கிளையண்ட் எண்ணிக்கையும் கிளையண்ட் டேபிளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனை நிறைய தப்பைப் பிடித்துக் கொடுக்கும்.

அப்புறம் கோஅலெஸ். முதலில் கிளையண்டின் மதிப்பு, அது "நல்" (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) என்று இருந்தால் ரெல்மின் மதிப்பு. அட்ரிபியூட் மதிப்பு எழுத்து வகை, ரெல்மின் மதிப்பு எண் வகை, அதனால் காஸ்ட் செய்ய வேண்டும். வரி இருந்து மதிப்பு வெற்று எழுத்தாக இருந்தால் போஸ்ட்கிரஸ் அங்கே எரர் கொடுத்து நின்றுவிடும். நல்லிஃப் போட்டு வெற்று எழுத்தை "நல்" ஆக்கி, பிறகு காஸ்ட், பிறகு கோஅலெஸ், இதுதான் வரிசை. பக்கத்திலேயே "கிளையண்டில் வைத்தது" அல்லது "ரெல்மிலிருந்து வருவது" என்று ஒரு ஃபீல்டும் காட்டுங்கள். நாளைக்கு யாராவது ரெல்மின் 300ஐ மாற்றினால் எந்த கிளையண்டெல்லாம் சேர்ந்து மாறும் என்பது அதில் தெரியும். ஆடிட்டர் கேட்காவிட்டாலும் உங்களுக்கே அது வேண்டும்.

இம்ப்ளிசிட் முறையில் (டோக்கனை நேராக பிரவுசருக்கே தரும் முறை) கொடுக்கும் டோக்கனுக்கு ரெல்மில் தனி ஆயுள் உண்டு, டிஃபால்ட் 15 நிமிஷம். செஷன் ஆயுளும் தனி: சும்மா இருந்தால் 30 நிமிஷம், அதிகபட்சம் 10 மணி நேரம், இவை டிஃபால்ட். கிளையண்ட் அளவில் செஷனை மாற்றியிருந்தால் அதுவும் அட்ரிபியூட்ஸில்தான் இருக்கும், மேலே சொன்ன அதே முறை.

லாகின் முறைகள் எளிது, முக்கியமானவை எல்லாம் கிளையண்ட் டேபிளிலேயே ஆம்-இல்லை ஃபீல்டுகள்: ஸ்டாண்டர்ட் ஃப்ளோ எனேபிள்டு, இம்ப்ளிசிட் ஃப்ளோ எனேபிள்டு, டைரக்ட் ஆக்ஸஸ் கிராண்ட்ஸ் எனேபிள்டு, சர்வீஸ் அக்கவுண்ட்ஸ் எனேபிள்டு, பப்ளிக் கிளையண்ட். டைரக்ட் ஆக்ஸஸ் கிராண்ட் என்பது யூசரின் பாஸ்வேர்டை அப்ளிகேஷனே வாங்கி கீக்ளோக்கிடம் கொடுக்கும் முறை. ஆர்எஃப்சி 9700 இதைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது, இம்ப்ளிசிட்டையும் தவிர்க்கச் சொல்கிறது. இந்த இரண்டில் ஒன்று திறந்திருக்கும் கிளையண்டுகளைத் தனிப் பட்டியலாக எடுங்கள். அட்மின்-சிஎல்ஐ அதில் வந்து நிற்கும், அது டிஃபால்ட்டே அப்படித்தான். மைஎஸ்க்யூஎல்லில் இந்த ஃபீல்டுகள் பிட் வகை. சில டூல்களில் காலியாகவோ விநோதக் குறியாகவோ தெரியும், சைபரைக் கூட்டிப் பார்த்தால் 0, 1 என்று தெளிவாக வரும்.

ஃபுல் ஸ்கோப் அலவ்டு என்ற ஃபீல்டையும் ஷீட்டில் சேருங்கள் என்று வற்புறுத்துவேன். யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் அது திறந்திருந்தால் யூசருக்கு உள்ள எல்லா ரோலும் அந்த கிளையண்டின் டோக்கனில் போகலாம். கேன்டீன் ஆப்புக்குக் கொடுக்கும் டோக்கனில் சம்பள சிஸ்டத்தின் அட்மின் ரோல் எதற்கு?

பிகேசிஇ (ஆத்தரைசேஷன் கோடு திருடுபோனாலும் பயன்படாமல் காக்கும் சோதனை) விஷயத்தில் ஒரு நுணுக்கம். "பிகேசிஇ.கோட்.சேலஞ்ச்.மெத்தட்" என்ற அட்ரிபியூட்டில் எஸ்256 என்று இருந்தால் கட்டாயம். அட்ரிபியூட் இல்லையென்றால் கட்டாயமில்லை, அவ்வளவுதான். அப்ளிகேஷன் தானாக பிகேசிஇ அனுப்பினால் கீக்ளோக் சரிபார்க்கத்தான் செய்யும். எனவே ஷீட்டில் "இல்லை" என்று எழுதாதீர்கள், "கட்டாயமில்லை" என்று எழுதுங்கள்.

ஒரே குவெரியில் ரீடைரக்டையும் வெப் ஆரிஜினையும் ஜாயின் செய்தால் வரிகள் பெருகும். ஐந்து ரீடைரக்ட், நான்கு ஆரிஜின் என்றால் இருபது வரி. டிஸ்டிங்க்ட் போட்டு மறைப்பதைவிட, ஒவ்வொரு டேபிளையும் முதலில் கிளையண்ட் வாரியாக ஸ்ட்ரிங் அக் (பல வரிகளின் மதிப்பை ஒட்டும் ஃபங்ஷன்) செய்து ஒரு வரியாக்கி, பிறகு ஜாயின் செய்வது சுத்தம். மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு குரூப் கான்கேட். அதன் டிஃபால்ட் எல்லை 1024 பைட். அதற்கு மேல் போனால் பட்டியலை வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். ரீடைரக்ட் முகவரி நிறைய உள்ள கிளையண்டில் கடைசி முகவரிகள் காணாமல் போகும். அபாயமான முகவரி அந்தக் கடைசியில் இருந்தால்? எல்லையை முதலில் உயர்த்திவிட்டு ஓட்டுங்கள்.

இனி, எது பயன்பாட்டில் இல்லை என்ற கேள்வி. கிளையண்ட் டேபிளில் கடைசியாகப் பயன்பட்ட நேரம் என்று எதுவும் கிடையாது. லாகின் போன்ற நிகழ்வுகளைப் பதியும் ஈவன்ட் என்டிட்டி டேபிளைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் ரெல்மில் ஈவன்ட்டைச் சேமிக்கும் வசதியை யாராவது முன்பே திறந்து வைத்திருந்தால்தான். டிஃபால்ட்டில் மூடியிருக்கும். இங்கே கிளையண்ட் ஐடி ஃபீல்டில் இருப்பது யூயூஐடி அல்ல, பில்லிங்-வெப் என்ற பெயரே. முன்னால் சொன்ன ஜாயின் விதி இங்கே தலைகீழ். ரெல்ம் ஐடியையும் சேர்த்தே ஜாயின் செய்யுங்கள், இல்லையென்றால் ஒரு ரெல்மின் அக்கவுண்ட் கிளையண்டுக்கு இன்னொரு ரெல்மின் லாகின் கணக்கில் ஏறும். ஈவன்ட் டைம் மில்லிவிநாடியில் இருக்கும், ஆயிரத்தால் வகுத்துத் தேதியாக்க வேண்டும்.

ஈவன்ட் இல்லை என்பதை வைத்து மட்டும் "செத்த கிளையண்ட்" என்று முடிவு கட்டாதீர்கள். ரெஃப்ரெஷ் டோக்கன் (மறுபடி லாகின் செய்யாமல் புதிய டோக்கன் வாங்க உதவுவது) ஈவன்ட்டை கீக்ளோக் டிஃபால்ட்டில் சேமிப்பதில்லை. ஒரு மொபைல் ஆப் ஆஃப்லைன் டோக்கன் (லாகின் செஷன் முடிந்த பிறகும் செல்லும் ரெஃப்ரெஷ் டோக்கன்) வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அதையே ரெஃப்ரெஷ் செய்துகொண்டிருக்கலாம். யூசர் புதிதாக லாகின் செய்யவே மாட்டார், ஈவன்ட் டேபிளில் ஒரு தடயமும் இருக்காது. அதனால் ஆஃப்லைன் கிளையண்ட் செஷன் டேபிளையும் பாருங்கள், ஆஃப்லைன் ஃப்ளாக் 1 என்று இருக்கும் வரிகளை கிளையண்ட் வாரியாக எண்ணுங்கள். இங்கே கிளையண்ட் ஐடி மறுபடியும் யூயூஐடி. 26ஆம் வெர்ஷனிலிருந்து சாதாரண செஷன்களும் டிஃபால்ட்டாக இதே டேபிளில் சேர்கின்றன, அவற்றின் ஃப்ளாக் 0. ஃப்ளாக்கைப் பார்க்காமல் எண்ணினால் இரண்டும் கலந்துவிடும்.

கடைசியாக, ஷீட் தயாரானதும் ஒரு ஆசை வரும். தப்பான ரீடைரக்ட் வரிகள் கண்ணெதிரே இருக்கின்றன, ஒரு அப்டேட் போட்டால் எல்லாம் ஒரே அடியில் சரியாகிவிடுமே என்று. வேண்டாம். கீக்ளோக் கிளையண்ட் தகவலை இன்ஃபினிஸ்பான் கேஷில் (மெமரியில் வைக்கும் நகல்) வைத்திருக்கிறது. நீங்கள் டேபிளில் மாற்றியது அதற்குத் தெரியாது. பழைய ரீடைரக்டை ஏற்றுக்கொண்டே இருக்கும், டேட்டாபேஸைப் பார்க்கிறவருக்கோ எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரியும். பல நோடு உள்ள கிளஸ்டரில் ஒன்று மட்டும் ரீஸ்டார்ட் ஆனால் ஒரு நோடு புதியதையும் மற்றவை பழையதையும் பின்பற்றும், அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. அட்மின் ஈவன்ட்டில் யார் மாற்றினார்கள் என்ற பதிவும் இருக்காது.

மாற்றம் எல்லாம் அட்மின் ஏபிஐ வழியாகவோ கீக்ளோக்கின் கேசிஅட்ம் கமாண்ட் வழியாகவோ போகட்டும். உங்கள் குவெரி கொடுக்கும் யூயூஐடிதான் அந்த ஏபிஐயின் முகவரியிலும் வரும், அதனால் ஷீட்டில் அந்த ஃபீல்டை வைத்திருந்தால் ஸ்கிரிப்ட் எழுதுவது சுலபம். பயன்பாட்டில் இல்லை என்று தோன்றும் கிளையண்டை நீக்காமல் முதலில் எனேபிள்டை மட்டும் அணைத்து வையுங்கள். நீக்கினால் ரீடைரக்ட், மேப்பர், கிளையண்ட் ரோல் எல்லாம் கூடவே போய்விடும், அணைத்ததை ஒரு க்ளிக்கில் திரும்பத் திறக்கலாம். மாதக் கடைசியிலும் காலாண்டுக் கடைசியிலும் மட்டும் ஓடும் ரிப்போர்ட் வேலைகள் சர்வீஸ் அக்கவுண்ட்டில் (யூசர் இல்லாமல் அப்ளிகேஷனே லாகின் செய்யும் கணக்கு) இருக்கும். அந்த இரண்டும் ஒரு முறை கடந்த பிறகு நீக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.